பாண்டான் பிஸ்கட்டும் எஃப் பன்னிரண்டும்

பிறருக்கு நோய்ப் பெயர் சூட்டியே சம்பளம் வாங்கியவன், அந்தப் பெயர் தனக்கே வரும்போது எப்படிக் கத்துவான்? ஜொகூர்பாருவில் ஒரு மருத்துவமனையே அதைக் கேட்டது. கத்தியவன் நான்தான்.

நான் மருத்துவப் பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் எழுதும் நோய்க்கு உலக வகைப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எண் போடுவது என் வேலை. கஞ்சா என்றால் எஃப் 12. புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் ஆளின் தலையெழுத்து: 0 என்றால் அப்போதைய போதை, 1 என்றால் உடம்பைக் கெடுக்கும் பழக்கம், 2 என்றால் அடிமை. தெரியாமல் தின்றவனுக்கு எஃப் வரிசையே கிடையாது. அவனுக்கு டி 40.7, அதாவது நஞ்சு உட்கொண்டவன்.

டாக்டர் வெறுமனே ‘கஞ்சா’ என்று எழுதியிருந்தால் போய் விசாரிக்க வேண்டும். நான் விசாரித்ததில்லை. இரண்டைப் போட்டுவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போய்விடுவேன். (கேண்டீனில் கறிபாப் சூடாக இருக்கும் நேரம் அது.) “பையன் தெரியாம சாப்பிட்டேங்கிறானே” என்று யாராவது சொன்னால், “எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்பேன்.

என் மகளைப் பெண் பார்க்க மூவாரிலிருந்து வந்தார்கள். பெர்மாஸ் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டில் என் மனைவியின் தம்பி சேகர், ஹாட்யாய் சுற்றுலாவில் வாங்கிய பச்சை பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினான். பொட்டலத்தில் இருந்த தாய்லாந்து எழுத்தை எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

“என்னடா, இவ்ளோ பச்சையா இருக்கு?”

“பாண்டான் லா அத்தான். பொட்டலத்துல இலைப் படம்கூட போட்டிருக்கான் பாருங்க.”

பலகாரத்துக்குப் பச்சை நிறமும் மணமும் தரும் பாண்டான் ஒற்றை நீள இலை; அதற்கு ஏது விரல்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு எண்தான் தெரியும், இலை தெரியாது. விருந்தாளிகள் வருவதற்குள் ருசி பார்க்கிறேன் என்று நான்கைத் தின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சிரிக்காத மனிதர். மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் முறுக்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“எங்க குடும்பத்துல சிகரெட்கூட யாரும் தொட்டதில்ல சார். அந்த மாதிரி வீட்டுலதான் சம்பந்தம் வைப்போம்” என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவே இல்லை. பிறகு என் இதயம் நின்றுவிட்டதாகத் தோன்றியது. அதையும் கூடத்துக்கே அறிவித்தேன். சேகர் காரை விரட்ட, தலைமையாசிரியர் என் கையைப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு வந்தார்.

சிறுநீரைச் சோதித்த இளம் டாக்டர், “அங்கிள், கஞ்சா பாசிட்டிவ்” என்றார்.

பிடித்திருந்த கை விலகியது.

“அலமாக்!” என்றான் சேகர்.

மகளின் கல்யாணம் என் கண்ணெதிரே வாசலைத் தாண்டிப் போவது தெரிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். “மொட்டையா கஞ்சான்னு எழுதாதீங்கம்மா! ரெக்கார்டு ரூம்ல இருக்கறவன் 12.2 போட்டுடுவான்! எனக்கு டி 40.7! பிஸ்கட்டுல இருந்தது, தெரியாம சாப்பிட்டேன்!”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்ளோ விவரம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க அங்கிள்.”

என் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் ‘களுக்’ என்று ஒரு சத்தம். தலைமையாசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். “சார்... அந்த முள்ளு என்னையே பார்க்குது சார்!”

“இவரும் அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டாரா?” என்று டாக்டர் கேட்டார். சேகர் தலையாட்டினான். அவருக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். மிச்சப் பொட்டலம் போலீசுக்குப் போனது. சேகரும் பின்னாலேயே போய் விளக்கம் சொல்லிவிட்டு, வெளிறிய முகத்தோடு திரும்பினான். டாக்டர், ‘அறியாமல் உணவில் உட்கொண்டது’ என்று எங்கள் இருவருக்கும் முழுசாக எழுதினார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் வீட்டில் பச்சையாக எந்தப் பலகாரம் வந்தாலும் மாப்பிள்ளை கேட்பார்: “மாமா, இது எஃப்பா, டியா?” சம்பந்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்காகப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரித்தார், தப்பித்தேன். நான் இரண்டு போட்டுவிட்டுப் போன பையன்களுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.