காணிப்பாக்கத்தில் வாய்க்குள் நின்றுபோன சத்தியம்

பாலசமுத்திரம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

திருப்பதியில் கடை திறக்கப்போகும் மாப்பிள்ளை லோகேஸ்வரன் அவர்களுக்கு மாமனார் முனிகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை தாட்சாயணியும் இரண்டு கறவை மாடுகளும் நலம். நீங்களும் சிவசங்கரியும் நலமாயிருக்கக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் துணை. அவர் பெயரை எழுதும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். காரணம் கீழே.

வெள்ளிக்கிழமை உங்கள் பேட்டரி ஸ்கூட்டர் கடைத் திறப்பில் நான் மேடையேறி, 'இது பூமிக்குத் துளியும் கெடுதல் செய்யாத வண்டி' என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்றீர்கள். நரம்பில்லாத நாக்குதானே என்று பக்கத்து வீட்டுத் துலுக்காணத்திடம் ஒத்திகை பார்த்தேன்.

"கரெண்டு இன்னா மானத்துலேர்ந்தா கொட்டுது? எங்கியோ கரி எரியுது மாமா. இங்க இல்லாத புகை அங்க கீது. பேட்டரி சரக்குக்கு எந்த மலையத் தோண்டிக்கினு கீறானுங்களோ! காணிப்பாக்கத்துல முழுக்கு போட்டு சத்தியம் பண்ணு, நம்பறேன்" என்றான்.

அந்தக் குளத்தில் முழுகிப் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது நம் ஜில்லாவுக்கே தெரியும்; ஒருவன் இப்படிச் சொன்னபின் போகாமலிருந்தால் ஊர் சிரிக்காதா? அவனையே பின்னால் ஏற்றிக்கொண்டு நீங்கள் கொடுத்த வண்டியில் கிளம்பினேன், நூறு கிலோமீட்டர் ஓடும் என்று நீங்கள் சொன்னது துலுக்காணத்தின் எடையைப் பார்க்காமல் சொன்னது போலிருக்கிறது, சித்தூர் எட்டுவதற்குள் படுத்துவிட்டது, சார்ஜ் போடலாமென்றால் டீக்கடையில் கரெண்ட் இல்லை, கடைக்காரர் பாவம் டீசல் ஜெனரேட்டரைப் போட்டுத் தரட்டுமா என்றார், துலுக்காணம் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது, கடைசியில் மாங்காய் டிராக்டர் ஒன்றில் வண்டியைப் படுக்கவைத்து, நாங்கள் மாங்காய் மேல் உட்கார்ந்து, அது கக்கிய கரும்புகையில் கரிக்கட்டையாகப் போய்ச் சேர்ந்தோம்.

குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு நின்றேன். "ஏமி பிரமாணம்?" என்று, என்ன சத்தியம் என்பதைப் பூசாரி தெலுங்கில் கேட்டார். வாய் திறந்தால் இருமல்தான் வருகிறது.

"பாத்தியா, சாமியே வாய அடச்சிட்ச்சி" என்றான் துலுக்காணம்.

மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. பிள்ளையாருக்கே சொல்ல முடியாததை ஏழுமலையான் காலடியில் மைக் பிடித்துச் சொல்ல எனக்குப் பயமாயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரமாட்டேன். உங்கள் கடை ஓங்கி வளரவும் சிவசங்கரி உங்களைத் திட்டாமலிருக்கவும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது துலுக்காணம் ஓடிவந்தான். காலையில் சார்ஜ் ஏறியிருந்த என் வண்டியை இரவல் வாங்கி, மாந்தோப்பில் சீட்டாடிவிட்டுத் திரும்பியிருக்கிறான். வண்டியில் சத்தமே இல்லாததால் அவன் சம்சாரம் மணியம்மாவுக்குப் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. "எனக்கொண்ணு, என் மச்சானுக்கு ஒண்ணு எழுதிக்கச் சொல்லு மாமா" என்கிறான். ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன். பூமியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வண்டியில் சத்தம் வராது என்று காணிப்பாக்கத்திலேயே முழுகிச் சத்தியம் செய்வேன். முன்வரிசையில் பெண்களை உட்கார வைக்க வேண்டாம்.