குழாய் அண்ணாச்சி வர்ணித்த ஃபைனல்

திருநெல்வேலியில் எது நடந்தாலும் குழாய் அண்ணாச்சி சொன்ன பிறகுதான் அது நடந்ததாக அர்த்தம். தாலி கட்டியாகிவிட்டாலும் அவர் வாயால் சொல்லாவிட்டால் பாதிக் கல்யாணம்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, சாவு, தண்ணீர் வராத நாள் என எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். ஆட்டோவின் உச்சியில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி இருக்கும். ஒரு கையில் வண்டி, மறுகையில் மைக். அவருடைய நிஜப்பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

ஒருமுறை ஒரு வியாபாரியின் அண்ணன் இறந்ததற்கு, தம்பி பெயரைச் சொல்லித் தெருத்தெருவாக அறிவித்துவிட்டார். தம்பி சைக்கிளில் துரத்திக்கொண்டே வந்தார். அண்ணாச்சி அசரவில்லை.

“அன்பார்ந்த பொதுமக்களே! சற்று முன்பு காலமானதாக அறிவிக்கப்பட்டவர், இப்போது நமது வண்டிக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். காலமானது அவருடைய அண்ணன். மாலை நான்கு மணிக்கு எடுப்பதில் மாற்றமில்லை!”

இவரிடம் நான் போய்ச் சேர்ந்தது கால்பந்தால்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் தங்கியிருந்தேன். மாலையில் கால்பந்து. அந்த வருடம் பெண்களுக்கென்று ஆறு அணிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தினார்கள். தட்டுத்தடுமாறி நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே ஏரல் ஊர் அணி. அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காதவர்கள்.

ஆனால் எங்கள் பயம் ஏரல் அல்ல. அரையிறுதியைப் பார்க்க வந்தவர்கள் ஒரு கடலைக்காரரும் இரண்டு மாடுகளும். இடைவேளையில் மாடுகளும் போய்விட்டன. லீக்கின் செயலாளர் எங்கள் கேப்டன் எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஃபைனலுக்கும் ஆள் வரலைன்னா அடுத்த வருசம் லீக் கிடையாதும்மா. நானும் எத்தனை நாள்தான் தனியா கை தட்டுவேன்?”

எஸ்தரும் நானும் நேராக குழாய் அண்ணாச்சியிடம் போனோம். டீக்கடை வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

“பொம்பளப் பிள்ளைகளா? ஃபுட்பாலா?” என்றார். அரை நிமிடம் யோசித்தார். “ஊரையே கூட்டிருவோம். ஆனா ஒண்ணு. அன்னைக்கு மைதானத்துல மைக் எங்கிட்டதான் இருக்கணும்.”

“ஆட்டத்தோட விதியெல்லாம் தெரியுமா அண்ணாச்சி?”

“நீ சொல்லித்தா. நாலு நாள் கிடக்குல்லா?”

டீக்கடை பெஞ்சில் நாலு கிளாஸை நிறுத்தி வைத்து ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தேன். டைப்ரைட்டிங்கில் எவ்வளவோ மக்குகளைக் கரையேற்றியவள் நான். ஆஃப்சைடில் எனக்கே வேர்த்துவிட்டது. அண்ணாச்சி சட்டென்று தொடையில் தட்டினார்.

“புரிஞ்சிட்டு! பந்தி ஆரம்பிக்க முந்தி உள்ள போயி இலை முன்னால உக்காந்துக்கிடக் கூடாது. அம்புட்டுதான?”

இன்றுவரை இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த மூன்று நாளும் ஊர் அதிர்ந்தது. “ஏரல் ஆற்றங்கரைச் சிங்கங்களுக்கும் பாளையங்கோட்டைப் புலிகளுக்கும் நேருக்கு நேர் மோதல்! காணத் தவறாதீர்கள்!” பெண்கள் என்பதையும் கால்பந்து என்பதையும் வேகத்தில் பல தெருக்களில் விட்டுவிட்டார். ஃபைனல் அன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. மதில்மேல் ஆள், வேப்பமரத்தில் ஆள். பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு பெரியவர் வாசலிலேயே எஸ்தரை நிறுத்தி, “கூண்டு எந்தப் பக்கம்மா இருக்கு?” என்று கேட்டார். “நாங்கதான் தாத்தா” என்றாள் எஸ்தர்.

விசில் ஊதியது. மைதான ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பந்து ஏரல் பிள்ளட்ட! ஓடுதா... ஓடுதா... விழுந்துட்டா! எந்திச்சிட்டா! அடேயப்பா, என்னா ஓட்டம்! ஏட்டி, பாத்துப் போ, அங்கன குழி கிடக்கு!”

கூட்டம் எழுந்து நின்றது. பந்தைப் பார்ப்பதா அவரைக் கேட்பதா என்று ஊரே திணறியது. எனக்கும் ஏதோ சிறகு முளைத்த மாதிரி இருந்தது. வலது ஓரத்தில் தனியாக நழுவி நின்றேன். எஸ்தர் பந்தோடு நிமிர்ந்து என்னைத் தேடினாள். அப்போது குழாய் முழங்கியது:

“நம்ம ஒம்பதாம் நம்பர் பிள்ள வலது பக்கம் தனியா நிக்கா! அவளை ஒருத்தரும் பாக்கல வே!”

ஏரல் பெண்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்து என்னை ஒட்டி நின்றுகொண்டார்கள். நான் மைதான ஓரத்துக்கு ஓடினேன். “அண்ணாச்சி, அதையெல்லாம் சொல்லாதீங்க!”

“சொல்லக்கூடாதுன்னு ஒம்பதாம் நம்பர் சொல்லுதா!” என்று அதையும் மைக்கில் சொன்னார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏரல் ஒரு கோல் போட்டுவிட்டது. “கோலே... கோலு!” என்று அண்ணாச்சி துள்ளிய துள்ளலில் மேஜை சாய்ந்தது. இடைவேளையில் எஸ்தர் அவரிடம் சண்டைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, நீங்க யாரு கட்சி?”

“பந்து எவகிட்ட இருக்கோ அவ கட்சி. எனக்கு என்ன செய்யச் சொல்லுத? பாத்தா வாய் தானா வருது!”

எஸ்தர் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு என் காதில், “நீ மறுபடியும் வலது பக்கம் போய் நில்லு” என்றாள்.

போய் நின்றேன். “ஒம்பதாம் நம்பர் திரும்பவும் தனியா நிக்கா!” என்று குழாய் அலறியது. இரண்டு பேர் என்னிடம் ஓடி வந்தார்கள், மூன்றாவதாக ஒருத்தியும் வந்தாள். இடது பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது. எஸ்தர் பந்தோடு அந்த வழியே போய், நிதானமாக வலைக்குள் தள்ளினாள்.

“அடிப் பாவி! எம் வாயை வச்சே கோல் போட்டுட்டாளே!” என்றார் அண்ணாச்சி. வேப்பமரத்திலிருந்து இரண்டு பேர் விழுந்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. கோலுக்கு முன்னால் என்னை ஒருத்தி இடறிவிட, நடுவர் பெனால்டி கொடுத்தார். எஸ்தர் பந்தை என் கையில் கொடுத்து, “நீயே அடி” என்றாள்.

பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குழாயில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு கோலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அடித்தேன். பந்து இடது கம்பத்துக்கு வெளியே, மெனக்கெட்டு வழி கேட்டுப் போவதுபோலப் போயிற்று. ஏரல் கோல்கீப்பர் உடனே அதை நீளமாக உதைத்தாள். அவர்களுடைய முன்வரிசைப் பெண் வாங்கினாள், ஓடினாள், போட்டாள். விசில் ஊதிவிட்டது.

நான் குப்புறக் கிடந்தேன். செயலாளர் குனிந்து, “எந்திம்மா, இந்தக் கூட்டத்தைப் பாத்தியா? அடுத்த வருசம் லீக் உண்டு!” என்றார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மண்ணைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகவில்லை. தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். தெருமுனையில் குழாய்ச் சத்தம் கேட்டது.

“அன்பார்ந்த பொதுமக்களே! நேத்து ஒம்பதாம் நம்பர் பிள்ள பெனால்டியை வெளிய அடிச்சிட்டுன்னு ஊருக்குள்ள பேசிக்கிடுதாங்க. கிட்ட நின்னு கண்ணால பாத்தவன் சொல்லுதேன். பிள்ள சரியாத்தான் அடிச்சா. கோல்போஸ்ட்டுதான் ஒரு அடி தள்ளி நின்னுட்டு!”

அவர் முதுகைக் காட்டி நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து விடுதி கேட்டுக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, இதை அறிவிக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. இது நம்ம சொந்த அறிவிப்பு” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். “முகத்தைக் கழுவிட்டு சோலிக்குப் போ. எனக்கு இன்னும் எட்டுத் தெரு கிடக்கு.”

கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மூன்று தெரு தாண்டியும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கோல்போஸ்ட்டு அதற்குள் மூன்று அடி தள்ளிப் போயிருந்தது.