பீப்பாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கச்சா எண்ணெய் விலை ஏறினால் முதலில் அமெரிக்கா பதறும், அடுத்து ஜப்பான் பதறும், மூன்றாவதாகக் கள்ளக்குறிச்சி பதறும். காரணம், தியாகதுருகம் சாலையில் கடை வைத்திருந்த பீப்பாய். ரேஷன் கார்டைத் தவிர எங்கும் அவர் பெயர் அதுதான்.

கல்யாணங்களுக்குத் தண்ணீர் பிடித்துவைக்க இரும்பு டிரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். காலை ரேடியோவில், "கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு..." என்று தொடங்கியதும் சாக்பீஸை எடுப்பார். அங்கே விலை ஏறினால் இவர் கடைப் பலகையில் வாடகை ஏறும். இறங்கினால்? அன்று ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருக்கும். ஞாயிறு மட்டும் பலகை காலி. "ஒலகச் சந்தைக்கே லீவுங்க!"

தேதியும் ஆதாரமும் இல்லாமல் பேசாதவன் என்று எனக்கு என்மேல் அபார மரியாதை. நூலகத்தில் புரட்டிவிட்டு ஒருநாள் அவரைத் திருத்தப் போனேன்.

"அண்ணே, எண்ணெய்க் கணக்குல பீப்பாய்ங்கறது வெறும் அளவு. நூத்தி அம்பத்தொம்பது லிட்டர்."

"என் டிரம்மு எத்தினி லிட்டரு?"

"இருநூறு."

"அடப்பாவமே! இத்தினி நாளா ஜாஸ்தி அளவ கம்மி வெலைக்கு வுட்டுகினு இருந்திருக்கறனே!"

அங்கேயே வாடகையைக் கால் பங்கு ஏற்றினார். நன்றியோடு, 'தகவல் உதவி' என்று பலகையில் என் பெயரையும் எழுதினார். கல்யாணம் வைத்த வீட்டாரெல்லாம் என்னைத் தேட ஆரம்பித்தார்கள்.

1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் படை புகுந்தது. அடுத்து வந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். மண்டபத்துக் கிணறோ வறண்டு கிடந்தது. பெண் வீட்டார் திருக்கோவிலூர் ஆற்றங்கரைக்காரர்கள். "பந்திக்குத் தண்ணி இல்லன்னா பொண்ண இட்டுகினு திரும்பிடுவோம்" என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"வெலய ஏத்திவுட்டவன் நீதானடா? நீயே போய் கேளு."

கேட்டேன்.

"அண்ணே, காலி டிரம்முக்கும் குவைத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"வெல எங்க போய் நிக்குமோ தெர்ல தம்பி. குவைத்து சரக்கு வுடட்டும், நானும் வுடறேன்."

கல்யாணத்தன்று விடிந்ததும், மணமேடை ஏறுமுன் ஓடிப்போய்விடலாமா என்ற யோசனையோடு மண்டபத்துப் பின்வாசலுக்குப் போனேன். வரிசையாக டிரம்கள், தளும்பத் தளும்பத் தண்ணீர். வெளியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து, நனைந்த வேட்டியோடு கடைசி டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார் பீப்பாய்.

"வாடகை எவ்ளோண்ணே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தம்பி. சந்த லீவு. வெலயே இல்லாதப்போ இன்னாத்த வாங்கறது? போய் மாப்ள மாதிரி நில்லு, போ."

அன்று புதன்கிழமை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

என் கல்யாணம் என்ன கிழமையில் நடந்தது என்று யார் கேட்டாலும், இன்றுவரை ஞாயிறு என்றுதான் சொல்கிறேன்.