கண்காணாத இடத்திலிருந்து ஒரு கண்காணிப்பு

முதியோர் பராமரிப்பின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும்: அண்ணன் வருவதற்கு முன், அண்ணன் வந்த பின். இதை அண்ணனே சொன்னார் என்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

அண்ணன் வேறொரு நகரத்தில், பெரிய நிறுவனம் ஒன்றில், 'ஊழியர் நல'த் துறைக்குத் தலைவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த அப்பா, தங்கை வீட்டில். பணிவிடை என்ற சொல்லை அண்ணனும் தங்கையும் சண்டை சச்சரவில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். பணி தங்கைக்கு, விடை அண்ணனுக்கு.

விடைகள் சுவரிலிருந்து வரும். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே அண்ணன் சொல்லிப் பொருத்திய கேமரா, பார்ப்பதோடு பேசவும் செய்யும். அப்பாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது, அவருடைய முழுக் கனமும் தங்கையின் தோளில் இறங்குகிற அந்த நொடியைப் பார்த்துத்தான் சுவர் வாய் திறக்கும்.

"இடுப்பை வளைக்காதே! முழங்காலை மடக்கு! மூச்சை இழுத்து விடு!"

"யாரும்மா அது?" என்பார் அப்பா.

"அண்ணன்பா."

"வந்துட்டானா?"

"இல்லப்பா, பேசுறான்."

"அதானே பாத்தேன்."

அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். 'வாக்கர்' என்கிற ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒருமுறை விழுந்தவருக்குத் தரையைப் பார்த்தாலே பயம். "ரெண்டடி வைங்கப்பா" என்று தங்கை தினமும் கெஞ்சுவாள். "நாளைக்கு" என்பார். அதனால் அந்தச் சட்டம் கட்டிலருகே நின்று ஈரத் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தது.

இப்படித் தூக்கித் தூக்கி ஒருநாள் தங்கையின் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கனமே தூக்கக் கூடாது, தூக்கினால் அடுத்த கட்டில் உனக்குத்தான் என்று டாக்டர் கண்டித்தார். செய்தி எட்டியதும் அண்ணன் துடித்துப்போனார். உடனடியாக ஓர் அவசரக் காணொளிக் கூட்டம் கூட்டினார். அத்தையும் அழைக்கப்பட்டிருந்தார்.

"பராமரிக்கிறவரும் ஒரு மனுஷர்தான்," என்று அண்ணன் தம்முடைய அண்மைக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். "நீ உனக்குன்னு நேரம் ஒதுக்கணும்மா. தூங்கணும். நடக்கப் போகணும். சிநேகிதிங்களோட பேசணும்."

"அந்த நேரத்துல அப்பாவை யார் பாத்துப்பா?"

"நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல அதை முதல்ல எடுத்துக்கலாம்."

"வேணாம்ணா, இப்பவே எடுத்துக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீ வா. ஒரு வாரம் இரு."

அண்ணனின் படம் அசையாமல் நின்றது. இணைப்பு போய்விட்டது போலும் என்று எல்லோரும் நினைக்கும்படி அவர் வெகு நேர்த்தியாக அசையாமல் இருந்தார். ஆனால் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"வருவான்டி," என்றார் அத்தை. "அப்பான்னா அவனுக்கு உசிரு. என்னடா, வருவேல்ல?"

அண்ணன் வந்தார். கூடவே மூச்சுப் பயிற்சிப் பாய், மடிக்கணினி, வெளிச்சத்தம் கேளாத உயர்ரகக் காதொலிப்பான் ஆகியவையும் வந்தன. தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடி சொன்னாள்: "நாற்காலிக்கு பிரேக் போட்டுட்டுத் தூக்கு. கையைப் பிடிச்சு இழுக்காதே, அப்பா இடுப்புல கட்டியிருக்கற பெல்ட்டைப் பிடி. மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். கூப்பிட்டா உடனே போ."

"எனக்கேவா?" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார் அண்ணன். தங்கை சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை அண்ணன் முழங்காலை மடக்கினார், மூச்சை இழுத்து விட்டார், அப்பாவைத் தூக்கினார். நாற்காலி பின்னால் நழுவியது. இருவரும் கட்டிலிலேயே திரும்ப விழுந்தார்கள்.

"டேய், வண்டி நியூட்ரல்ல இருக்குடா," என்றார் அப்பா.

"கோட்பாடு சரிதான்பா. நாற்காலிதான் ஒத்துழைக்கல," என்று அண்ணன் விளக்கினார். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூடத்து மேசைக்கு விரைந்தார். அலுவலகத்துக்கு உரையாற்றும் நேரம் வந்துவிட்டது. தலைப்பு: 'பெற்றோரைப் பேணும் ஊழியர்களின் நலம்'.

"முதல் விதி," என்று காதொலிப்பானை நன்றாக அழுத்திக்கொண்டு தொடங்கினார். "அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க."

"டேய், பால்!" என்று அப்பா உள்ளிருந்து கூப்பிட்டார்.

"இரண்டாவது, எப்பவும் பதறாதீங்க." இந்த விதியை அண்ணன் அப்போதே கடைப்பிடித்துக் காட்டினார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கேஸ் நாற்றம் அறைக்குள் வந்தது. அப்பா மறுபடி கத்தினார். மூன்றாவது விதி நடந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் திரையிலிருந்த ஊழியர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அடக்கத்தோடு தலை வணங்கிய அண்ணன், அவர்கள் தமக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்துத் திரும்பினார். சட்டத்தில் தொங்கிய துண்டுகளோடு, கால் வெடவெடக்க, வேட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பா சமையலறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். கேஸை மூடி ஜன்னலைத் திறந்தாயிற்று.

அண்ணன் நொடியும் தயங்கவில்லை. "பாத்தீங்களா? என் பராமரிப்புல ஒரே நாள்!" அந்த முறைக்கு அங்கேயே 'தொடாமல் தூக்குதல்' என்று பெயரும் சூட்டினார். மாலைக்குள் அது நிறுவனத்தின் பயிற்சிப் பாடமாக அறிவிக்கப்பட்டது. அத்தை, "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் தங்கை ஓடி வந்தாள். அப்பா கூடத்து நாற்காலியில், தானே நடந்து வந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கை தன்னால் முதுகுக்குப் போனது.

"அப்போ, இவ்வளவு நாளும் உங்களால முடிஞ்சிருக்குமாப்பா?"

"அதுதான் வழிகாட்டுதலோட வலிமை," என்று அண்ணன் ஆரம்பித்தார்.

அப்பா கையமர்த்தினார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்புதாம்மா. நீ இருக்கறப்போ எழுந்து நடக்கத்தான் பயமா இருந்துச்சு," என்றார். "இவன் பாத்துக்கறான்னதும், படுத்திருக்கவே பயமாப் போச்சு."