அழுகிறவர்களைத் தேடித் திரிந்த எம்பதி

சிட்னி மாநகரத்தில் அழுகிற மனிதர்களைத் தேடித் தேடி அலைந்த ஒரே ஆள் எம்பதிதான். மற்றவர்கள் வீடு தேடினார்கள், வேலை தேடினார்கள், கார் நிறுத்த இடம் தேடினார்கள். இவன் மட்டும் ரயிலில் யாராவது மூக்கை உறிஞ்சினால் பெட்டி மாறிப் போய்ப் பக்கத்தில் உட்காருவான். அது வெறும் சளித் தடிமன் என்று தெரிந்தாலும் அவன் முகம் வாடாது. அந்த முகத்தில் எதுவுமே தெரியாது. அவனுடைய பிரச்சினையே அதுதான்.

எம்பதி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஹெல்த் சயன்ஸ் முதலாம் ஆண்டில் என்னோடு படித்தவன். சொல்லப்போனால் அந்த வகுப்பில் யாரும் ஹெல்த் சயன்ஸ் படிக்க வரவில்லை. வருட முடிவில் மார்க்ஸ் கூடியவர்களைக் கூப்பிட்டு, நேர்முகம் வைத்து, ஒரு கைப்பிடி பேரை மருத்துவத்துக்குள் எடுப்பார்கள். எல்லாரும் அதற்காக வந்தவர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். தவறினால் தவறியதுதான்.

இது எப்படிப்பட்ட கூட்டம் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் ஆய்வுகூடத்து எலும்புக்கூட்டின் இடது கை காணாமல் போனது. பரீட்சை முடிந்த பின்னேரம் அது பத்திரமாகத் திரும்பி வந்து எலும்புக்கூட்டின் மடியில் கிடந்தது. இன்னொரு நாள் பரீட்சை மண்டபத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். முன் கதிரையில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். விழுந்தவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அந்தப் பெருமூச்சு நிம்மதிப் பெருமூச்சு என்று விளங்கியபோது எனக்கு விடை எழுதக் கை வரவில்லை. நாளைக்கு மற்றவர்களின் உயிரைக் காப்பாற்றப் போகிறவர்கள் இவர்கள்தானாம்!

இந்தக் கூட்டத்துக்குள் என்னை "அக்கா" என்று கூப்பிட்ட ஒரே ஆள் எம்பதி. மெரிலேண்ட்ஸ் என்கிற புறநகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன். என்னைவிடச் சில மாதங்கள்தான் இளையவன். போட்டிக்கு வந்த இடத்தில் அக்கா என்று கூப்பிட்டு, தன் குறிப்புகளையும் தூக்கித் தருகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இவன் ஏதோ சூழ்ச்சி செய்கிறான் என்று மூன்று வாரம் அந்தக் குறிப்புகளைத் தொடாமல் வைத்திருந்தேன். எல்லாம் சரியான குறிப்புகள்.

மார்க்ஸில் அவனை அடிக்க ஆள் இல்லை. கவலை நேர்முகத்தைப் பற்றித்தான். அந்த நேர்முகத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாளில் ஒரு நிலைமை எழுதி ஒட்டியிருக்கும். கதவுக்கு வெளியே நின்று அதை வாசிக்க வேண்டும். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். உள்ளே சம்பளத்துக்கு வந்த ஒரு நடிகர் அழுதுகொண்டோ, ஏசிக்கொண்டோ இருப்பார். மூலையில் ஒருவர் மார்க்ஸ் போடுவார். மறுபடி மணி அடித்தால், பாதி வசனத்தில் இருந்தாலும் எழும்பி வெளியே வந்து அடுத்த கதவுக்குப் போய்விட வேண்டும். மற்றவரின் துன்பத்தை உணருகிற குணம், அதாவது எம்பதி, நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஏற்கனவே மருத்துவத்துக்குள் போன ஒரு சீனியர் அண்ணா இவனை ஒத்திகை பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, உனக்கு மூளை இருக்கு. முகம் இல்ல. நான் அம்மா செத்துப்போனா எண்டு அழுறன், நீ பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி இருக்கிறாய்."

"அப்ப என்னண்ணா செய்யிறது?"

"பழகு. ஆக்களோட பழகிப் பழகித்தான் வரும்."

அந்த அண்ணா ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து சிட்னித் தமிழர் யாரும் நிம்மதியாகக் கவலைப்பட முடியவில்லை.

முதலில் அகப்பட்டது மெரிலேண்ட்ஸில் ஒரு செத்தவீடு. நானும் அம்மாவும் போகும்போது இவன் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். "உந்தப் பெடியனுக்கு உள்ள வரப் பயமோ?" என்று அம்மா கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. கதவில் தாள் இல்லாததால், நிலைமையை மனதுக்குள் எழுதி வாசித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்தான். கணவரைப் பறிகொடுத்த அன்ரிக்கு முன்னால் இருந்தான்.

"அன்ரி, இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும் எண்டு எனக்கு விளங்குது. இப்ப உங்கட மனசில என்ன ஓடுது?"

அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார். "என்னத்தச் சொல்ல தம்பி. காலமை எழும்பித் தேத்தண்ணி கேட்டவர். நான் போட்டுக்கொண்டு வந்து பாக்கிறன்..."

ட்ரிங் என்று அவன் பொக்கெட்டில் போன் அடித்தது. இவன் சட்டென்று எழும்பினான். "நன்றி அன்ரி" என்றான். போய்விட்டான்.  அம்மா திறந்த வாயை மூடவில்லை. அடுத்த நிமிடம் அவன் கூடத்தின் மற்ற மூலையில், செத்தவரின் தம்பிக்கு முன்னால் இருந்து, "இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா..." என்று தொடங்கிக்கொண்டிருந்தான்.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். "டேய், அவ பாதிக் கதையில நிக்கிறா! உனக்கென்ன விசரா?"

"எனக்கும் கேக்க விருப்பம்தானக்கா. ஆனா போனில அலாரம் வச்சிருக்கிறன், மணி அடிச்சா எழும்பவேணும். இல்லாட்டி மார்க்ஸ் வெட்டுவினம்."

அந்த அன்ரி இவனைத் திட்டித் தீர்க்கப் போகிறார் என்று எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குப் பயந்துகொண்டே போனேன். அவர் சொன்னது வேறு. "வந்த சனமெல்லாம் எந்த ஹொஸ்பிட்டல், என்ன வருத்தம் எண்டுதான் கேட்டதுகள். எனக்கு எப்பிடி இருக்கெண்டு கேட்டது அந்தப் பெடியன் மட்டும்தான். அவன் எங்க, இண்டைக்கு வரேல்லையோ?" நான் கடிக்க எடுத்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயில். கன்ரீனில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் கை தட்டி மசால் தோசை தட்டோடு நிலத்தில் விழுந்தது. தோசை நிலத்தைத் தொட முன்னமே எம்பதி அவர் பக்கத்தில் முழந்தாளில் நின்றான்.

"இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும் எண்டு எனக்கு விளங்குது."

"ஆமா தம்பி, அரை மணி நேரமா லைன்ல நின்னேன்."

"இப்ப உங்கட மனசில என்ன ஓடுது?"

"பசி ஓடுது. நீங்க யாரு?"

இவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர் எங்கே இவன் என்று சுற்றிச் சுற்றித் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மகன் தெருத்தெருவாய் இப்படித் திரிவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் அம்மா ஒரு வழி செய்தார். சனிக்கிழமைகளில் தன் சிநேகிதிகளைக் கராஜில் கூட்டி, அவர்களை நோயாளிகளாக நடிக்க வைத்தார். இங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது. அவர்கள் அருமையான மனிதர்கள். நடிப்பு மட்டும் மருந்துக்கும் கிடையாது.

ஒரு அன்ரிக்குப் புற்றுநோய் என்று தாளில் எழுதியிருந்தது. "சீ, எனக்கு உது வேண்டாம். வேற வருத்தம் தா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒப்பரேஷன் பிந்தியதற்காக ஏச வேண்டிய அன்ரி, "பரவாயில்லத் தம்பி, நீர் படிக்கிற பிள்ளை, அவசரப்படாம ஆறுதலாச் செய்யும்" என்றார். கணவர் செத்துப்போனதாக அழ வேண்டியவர், வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த தன் கணவரைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யாருக்கு என்ன நோய் வந்தாலும் கடைசியில், "சாப்பிட்டியா அப்பன்?" என்று கேட்டு ரோல்ஸ் தட்டை நீட்டாமல் விட்டதில்லை. இப்படியே மாதக்கணக்காக நடந்தது. நடிகர் என்றால் சிரிப்பார், சாப்பாடு தருவார் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. இதை அப்போதே நான் கவனித்திருந்தால் சொல்லியிருப்பேன். கூடவே ஒத்திகைக்குப் போன எனக்கு என் ரோல்ஸ்தான் முக்கியம்.

நேர்முக நாள் வந்தது. மார்க்ஸில் நாங்கள் இருவருமே அதற்குத் தேறியிருந்தோம். நீண்ட தாழ்வாரத்தில் அவன் எனக்கு ஒரு கதவு முன்னால். அதாவது அவன் வெளியே வர வர, அதே அறைக்குள் நான் போக வேண்டும். முதல் மூன்று கதவுகளுக்கும் இயந்திரம் போல் வந்து போனான்.

மூன்றாவது அறையில் மணி அடிக்க வெளியே வந்து, நான்காவது கதவில் தாளை வாசித்தேன். ஒரு முதியவரின் மனைவி காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், அவருடைய உடுப்புப் பையை வாங்க இவர் வந்திருக்கிறார், இவரோடு கதையுங்கள். உள்ளே போக மணி அடித்தது. எல்லாக் கதவும் திறந்தது. மற்றவர்கள் எல்லாரும் முதல் மணிக்கே வெளியே வந்திருந்தார்கள். எம்பதி இன்னும் வரவில்லை.

கதவைத் தள்ளினேன். ஒரு வெள்ளைக்கார அங்கிள் பெண்களின் செருப்பொன்றை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுகிறார். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எம்பதி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மூலையில் மார்க்ஸ் போடுகிற பெண்மணி பேனாவோடு எழுந்து நிற்கிறார். எம்பதியின் கன்னத்தில் கண்ணீர். ஒரு வருடமாக நான் பார்த்த முகம் அங்கே இல்லை. 

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இவற்ற மனிசி காலமை செத்துப்போச்சாம். வீட்ட ஒருத்தரும் இல்லையாம். இவர இப்பிடியே விட்டிட்டு எப்பிடி வாறது?"

"டேய், அவர் நடிகரடா! தாளில எழுதியிருக்கு!"

"தாளில சாட்டுக்கு எழுதியிருக்கினம். ஆனா இது இவருக்கு உண்மையா நடந்திருக்கு. வடிவாப் பாருங்கோ. இவர் சிரிக்கேல்ல. சாப்பிட்டியா எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்ல."

பெண்மணி மணி அடித்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எம்பதி அவரை அதிர்ச்சியோடு பார்த்தான். மனைவி செத்த மனிதருக்கு முன்னால் மணியைப் பற்றிப் பேசுகிற ஒருத்தி! அங்கிளுக்கோ வேடத்தைக் கலைக்க அனுமதி இல்லைப் போலும். அவர் இன்னும் கூட அழுதார். அவர் அழுகையைக் கூட்டக் கூட்ட, இவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "எழும்படா, எல்லாம் போகப்போகுது" என்று நான் தமிழில் கெஞ்சினேன். அவன் அசையவில்லை.

பிறகு இரண்டு பேர் வந்து அவனை மரியாதையாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். மிச்ச அறைகள் அவனுக்கு இல்லை. தாழ்வாரத்தில் நின்ற ஒருத்தி, இந்தத் தாமதத்துக்குத் தனக்கு மேலதிக நேரம் தருவார்களா என்று விசாரித்தாள். இன்னொருவன் என்னைப் பார்த்து, ஓர் ஆள் குறைந்தது என்று கண்ணைச் சிமிட்டினான். சிமிட்டியவன் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று இன்றும் எனக்குக் கை துடிக்கிறது.

எல்லாம் முடிந்து வெளியே ஓடினேன். பஸ் தரிப்பில் இருந்து அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்தேன். இவன் கார் நிறுத்துமிடத்தில் இருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான்.

"அக்கா! அந்த அங்கிள் வெளியில வரமட்டும் நிண்டனான். தனியப் போகப் போறார் எண்டு பயந்து. பாத்தா, காருக்குள்ள ஒரு அன்ரி இருக்கிறா. அவற்ற மனிசி! உயிரோட இருக்கிறாக்கா! எனக்கு ஹலோ சொன்னவா!"

நடுவீதியில் நின்று சிரித்தான். மருத்துவம் கைவிட்டுப் போய் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. யாரோ ஒரு மனிதரின் மனைவி சாகவில்லை என்று இப்படி ஒருவன் மகிழ்ந்து நான் கண்டதில்லை. 

முடிவு வந்த அன்று எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா குசினிப் பக்கம் கை காட்டினார். அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, பிள்ளைகள் அழுவது போல வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். சின்ன வயதில் இருந்து அவனுக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். 

கடைசியில் நான்தான் கேட்டேன். "திரும்ப ஒருக்கா உன்னைக் கூப்பிட்டா, மணி அடிக்க எழும்புவியாடா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"எனக்கு டொக்டரா வரத்தான் விருப்பமக்கா. ஆனா எழும்பமாட்டன்."

நான் இப்போது மணி அடிக்க அடிக்க ஓடுகிற டாக்டர். அவன் அதே ஹெல்த் சயன்ஸைப் படித்து முடித்து, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கரண்டி பிடிக்கவும் சட்டை போடவும் திரும்பப் பழக்குகிற வேலையில் இருக்கிறான். என்றைக்காவது நான் ஒரு கட்டிலில் விழுந்தால், வைத்தியம் பார்க்க எந்தக் கெட்டிக்காரரும் வரட்டும். பக்கத்துக் கதிரையில் மட்டும் என் தம்பி இருக்க வேண்டும்.