மவுஸைத் தொடாத மனிதர்

நம் ஊரில் கட்டளைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கம்ப்யூட்டர் திரை கோணலாகத் தெரிந்தால் நீங்களும் நானும் மவுஸை எடுத்து இரண்டு இடத்தில் அமுக்கிச் சரிசெய்துகொள்வோம். இவர்கள் செய்ய மாட்டார்கள். கறுப்பாக ஒரு பெட்டியைத் திறப்பார்கள், வெள்ளை எழுத்தில் மடமடவென்று ஆங்கிலத்தில் எதையோ அடிப்பார்கள், என்டர் தட்டுவதற்கு முன் விரலை அந்தரத்தில் நிறுத்தி நம் முகத்தை ஒரு கணம் பார்ப்பார்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அடிக்கவே மாட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அடையாளம் காண்பது சுலபம். மவுஸ் என்று சொன்னாலே உதடு கோணும். "அது சின்னப் பசங்க ஆடறதுக்கு" என்பார். உங்கள் வீட்டுக்கு வந்தால் சௌக்கியம் விசாரிக்கும் முன் உங்கள் திரையின் நீள அகலத்தை விசாரிப்பார். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமலே இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாரே, அதைத் தாங்கத் தனி மனத்திடம் வேண்டும்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்குக்கு வாய்த்த கட்டளைக்காரர் தீனா. எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸ் வேலை. தங்கமான மனுஷன். கூப்பிடாமலே உதவிக்கு வருவார். சிக்கலே அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு எழில்மொழிக்குக் காலை பதினொரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. எட்டு மாதம் அலைந்ததில் கிடைத்த முதல் அழைப்பு. ஷேர் ஆட்டோவில் அடிபட்டு அவள் லேப்டாப் திரை பாதி செத்திருந்ததால், பழைய மானிட்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டியிருந்தாள். லேப்டாப்பில் ஓடுவது மானிட்டரிலும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பத்தரைக்கு மவுஸில் கை வைத்தாள். வாசலில் தீனா. வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"மவுஸத் தொடாத! எயுந்துரு. ஒரே லைன், முடிஞ்சுடும்."

"இப்ப வேணாம்ணா. பதினொண்ணுக்கு இன்டர்வியூ கீது."

"அதுக்குள்ள டீயே குடிச்சுடலாம்மா."

அடித்தார். இனி எப்போது ஆன் செய்தாலும் தானாகவே இப்படி வரட்டும் என்று, யாரும் கேட்காமலே, அதை நிரந்தரமாகவும் பதித்துவைத்தார். விரலை நிறுத்தி எங்களைப் பார்த்தார். தட்டினார். மானிட்டரில் படம் வந்தது. தலைகீழாக.

எழில்மொழியின் அம்மா சொக்கம்மாள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா தீனா, எல்லாம் தலகீயா கீது?"

தீனா மெல்ல, "எங்க கேட்டுல லாரிக்காரங்க பாக்கறதுக்கு மானிட்டர கூரைலேர்ந்து தலகீயா தொங்க வுட்டுகிறோம். இது அதுக்குப் போட்ற லைனு" என்றார்.

"அப்ப வேற லைன் போடுண்ணா!"

அவருக்கு வேறு தெரியாது. இந்த ஒன்றையும் யாரோ ஒரு கம்பெனி ஆள் யார்டில் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனானாம். இவர் மனப்பாடம் செய்திருக்கிறார்.

எழில்மொழி லேப்டாப்பை அணைத்துத் திரும்ப ஆன் செய்தாள். மறுபடியும் தலைகீழ். மவுஸைப் பிடித்துக் கீழே இழுத்தால் அம்பு மேலே ஓடியது. மணி பத்து ஐம்பத்தாறு. எட்டு மாதமாக அந்தப் பெண் படியேறி இறங்கியதைப் பார்த்தவன் நான்.

அவள் அழவில்லை. மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கினாள், கவிழ்த்தாள், சுவரோரமாக வைத்தாள். "யம்மா, இத்தப் புடி." மேலே துருத்திக்கொண்டிருந்த அதன் காலைப் பிடித்தபடி சொக்கம்மாள் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றார். அவசரத்தில் சிஸ்டம் கைவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். "இருக்கிறதை வெச்சு சமாளிப்பேன் சார்" என்றாள் எழில்மொழி. சொக்கம்மாளின் பிடி நழுவவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. பிளாக் முழுக்க லட்டு கொடுத்தவர் தீனா. "செட்டிங்கு ஃபுல்லா நம்மளுது" என்றார். அவசரம் தீர்ந்தபின் எழில்மொழி மவுஸை எடுத்து இரண்டே அமுக்கில் படத்தை நிமிர்த்திவிட்டாள். ஆனால் தினமும் காலையில் ஆன் செய்ததும் அது திரும்பக் கவிழ்ந்துகொள்கிறது. நிரந்தரமாயிற்றே!

சிரிக்கிறீர்கள். கறுப்புப் பெட்டியை ஜென்மத்தில் திறந்ததில்லை என்கிறீர்கள். சரி. நேற்று உங்கள் மனைவி போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, "இங்கே குடு, ஒரு நிமிஷம்" என்று வாங்கினீர்களே, எழுத்தைப் பெரிசாக்கினீர்களே, வெளிச்சத்தைக் குறைத்தீர்களே, இன்னும் அது உங்கள் கையில்தானே இருக்கிறது? முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். அவருக்கும் பதினொரு மணிக்கு ஏதாவது இருக்கலாம்.