படுத்துக்கொண்டே நடத்திய தேர்தல்

எனக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு நான் என்ன சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

நோயே இல்லாதவன் நோயாளியாக நடிப்பதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. பாவம், அவனுக்கு வேறு வழியில்லை. நோய், ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாம் கையில் இருந்தும் நடிக்கக் கிளம்பியவனை என்னவென்று சொல்வது? சில பெயர்களை யோசித்து வைத்திருக்கிறேன். அச்சில் போட முடியாது.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர். (ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்தல் பாடம் எடுப்பதும் நான்தான். சிரிக்காதீங்க, இன்னும் நிறைய இருக்கு.) நோயின் பெயர் சயாட்டிகா. இடுப்பில் கிளம்பி, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கணுக்கால் வரைக்கும் ஒரு கம்பியைச் சூடாக்கி இழுத்தது போல வலிக்கும். மின்சார ரயிலில் உட்கார்ந்தால் எழ முடியாது. எழுந்தால் உட்கார முடியாது. தும்மல் வந்தால் கர்த்தரைக் கூப்பிடுவேன்.

அஸ்தினாபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைக் கைதூக்கிவிட்டாள். தினமும் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தச் சொன்னாள். "வலி கால்ல இருந்து மேல ஏறி இடுப்புக்கு வந்துட்டா குணமாகுதுன்னு அர்த்தம் சார்" என்பாள். ரொம்ப நேரம் உட்காரக்கூடாது, முழங்காலை மடக்காமல் குனியக்கூடாது, குனிந்தபடி திரும்பவே கூடாது. இவ்வளவுதான் அவள் போட்ட சட்டம். இரண்டு மாதத்தில் எண்பது சதவீதம் குணமாகிவிட்டது. மீதி இருபதை வைத்துப் பிழைப்பு நடத்தலாம் என்று நான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் பணிக்கான ஆணைகள் வந்து சேர்ந்த அன்றே எங்கள் ஆசிரியர் அறையில் நோய்கள் பரவத் தொடங்கின. நேற்றுவரை பேட்மின்டன் ஆடியவருக்கு மூட்டுத் தேய்மானம். கேன்டீனில் மூன்று வடை சாப்பிட்டவருக்குச் சர்க்கரை தலைக்கேறிவிட்டது. இவர்களுக்கெல்லாம் ஆலோசகர் பாலன் சார், கணக்கு ஆசிரியர். நான்கு தேர்தல்களில் நான்கு வெவ்வேறு நோய்களைச் சொல்லி விலக்கு வாங்கியவர். என் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு வந்திருக்கிறது நல்ல நோய். வீணாக்கிடாதீங்க."

"ஸ்கேன் இருக்கே சார், அதைக் காட்டினா போதாதா?"

"ஸ்கேன் எல்லார்கிட்டயும் இருக்கு சார். டாக்டருங்க ஆளைத்தான் பார்ப்பாங்க. கேட்டுல இருந்தே நொண்டிக்கிட்டுப் போங்க. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கிரேஸ் கேட்டாள், "வலிக்குதுன்னு உண்மையைச் சொன்னா என்ன?" அரசாங்கத்திடம் உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது, உனக்குப் புரியாது என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையவேண்டும் போல இருக்கிறது.

விலக்குக் கேட்டவர்கள் மருத்துவக் குழு முன்பு ஆஜராகவேண்டிய நாளில் வலி வரவில்லை. மூன்று மாதமாக விடுமுறையில்லாமல் வந்த வலி, வரவேண்டிய ஒரே நாளில் வரவில்லை. அதனால் என்ன, பாலன் சார் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே. கேட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஆரம்பித்தேன். இடது கையில் ஸ்கேன் உறை. வலது கையால் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கையோடு சேர்ந்து வலது காலும் நோயாளியாகிவிட்டது. அது எனக்கே தெரியவில்லை. அவ்வளவு தத்ரூபமாக நொண்டினேன்.

உள்ளே எனக்கு முன்னால் பதினைந்து பேர். ஒருவர் காது கேட்காது என்று விலக்குக் கேட்டு வந்தவர். மெதுவாக அவர் பெயரைக் கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்து போனார். நான் ஏளனமாகச் சிரித்துக்கொண்டேன். நடிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். என்னைப் பார்த்தது நடுவில் இருந்த அம்மா.

"எந்தக் கால் சார்?"

"இதுதான் மேடம்." வலது தொடையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படுக்கச் சொன்னார். வலது காலைப் பத்து டிகிரிகூடத் தூக்கியிருக்கமாட்டார், நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் பேச்சு நின்றது. பிறகு இடது காலைத் தூக்கினார். பாதி உயரத்தில் சுளீர் என்று இழுத்தது. உண்மையான வலி. என் நோய் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வலது கால் என்று சொல்லியாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் காலில் ஒன்றுமே இல்லை என்பது போலப் புன்னகை செய்தேன். (யோசிச்சுப் பாருங்க. பொய் வலிக்குக் கத்தினேன், நிஜ வலிக்குச் சிரிச்சேன். எனக்கு பி.எட். பட்டம் வேற கொடுத்திருக்காங்க.)

எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்காரச் சொன்னார். எந்த ஸ்கூல், எத்தனை பீரியட் என்று விசாரித்துக்கொண்டே என் வலது பாதத்தைக் கையில் எடுத்து, உள்ளங்காலைப் பார்ப்பது போல முழங்காலை முழுதாக நீட்டிவிட்டார். நான் வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட் என்று உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், படுத்திருந்தப்ப இந்தக் காலுக்குத்தான் கத்தினீங்க. இப்ப முழுசா நீட்டியிருக்கேன், ஒரு சத்தமும் இல்ல. ஸ்கேன்ல கோளாறு இடது பக்கம் இருக்கு."

"ரெண்டு பக்கமும் மேடம்" என்றேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, கோபமில்லாமல், "பேசாம ஸ்கேனைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தா நானே விலக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்" என்றார். காகிதத்தில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று இருந்தது. நான் மறந்துபோய், நொண்டாமல், விறுவிறுவென்று வெளியே நடந்து வந்தேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு பள்ளியின் தரைத்தளத்து வகுப்பறை எனக்குக் கிடைத்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நான். எனக்கு அடுத்த அலுவலர் விமலா டீச்சர், வேறு பள்ளிக்காரர், கண்டிப்பானவர். காலையில் வாக்குப்பதிவு ஒழுங்காக ஆரம்பித்தது. ஓட்டுப் போடும் இயந்திரத்தை மூன்று பக்கம் அட்டை மறைப்புக்குள் ஒரு குழந்தைகள் மேசைமேல் வைத்திருந்தோம். ஒன்பதரை மணிவாக்கில் ஒருவர் பட்டனை அமுக்கிவிட்டு வந்து, "சார், மேசை ஆடுது" என்றார்.

எழுந்து போனேன். தினத்தாள் துண்டு ஒன்றை நான்காக மடித்தேன். மறைப்புக்குப் பின்னால் போய், முழங்காலை மடக்காமல் குனிந்து, குனிந்தபடியே திரும்பி, மேசைக் காலின் அடியில் அதைச் செருகினேன். பிசியோதெரபி பெண் போட்ட சட்டங்களை ஒரே அசைவில் மீறுவதற்கு ஒரு திறமை வேண்டும்.

இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இடது காலில் கம்பி இறங்கியது. அப்படியே சரிந்து மேசைக்கு அடியில் படுத்துவிட்டேன். கத்தக்கூட மூச்சு வரவில்லை. கத்தலையெல்லாம் மருத்துவக் குழுவிடமே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. மற்றவர்கள் வாக்காளர் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்ததால் என்னை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாக்காளரை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

வந்தது மீன் விற்கும் அம்மா ஒருவர். கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று வந்தவர். பட்டனில் விரலை வைக்கப் போனவர் கீழே பார்த்தார்.

"யோவ், இன்னாயா இது. இங்க ஒரு ஆளு படுத்துகினு கீறாரு."

"அம்மா, நான்தான் இந்த பூத் ஆபீசர். நீங்க ஓட்டைப் போடுங்க" என்றேன் ஈனக்குரலில்.

"நீ கீய இருந்து பாத்துகினு இருப்ப, நான் மேல போடணுமா?"

"நான் கண்ணை மூடிக்கிறேன்மா."

"அதெல்லாம் வோணாம். மொதல்ல நீ எய்ந்து வெளிய வா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ரகசிய வாக்களிப்பு என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடாவருடம் பத்து மதிப்பெண் கேள்வி கொடுப்பவன், வாக்காளரின் காலடியில் அண்ணாந்து படுத்திருக்கிறேன். கட்சி ஏஜென்ட்டுகள் எழுந்துவிட்டார்கள். அவர்களில் இருவர் காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். ஒருவர் தடித்தவர், ஒருவர் கண்ணாடி போட்டவர். முதல் முறையாக இருவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். ஆபீசர் உள்ளே இருக்கும்வரை ஒரு ஓட்டும் விழக்கூடாது.

வாக்குப்பதிவு நின்றது. வெளியே வரிசை முணுமுணுத்தது. விமலா டீச்சர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"சார், இப்ப லீவு கேட்டா கிடைக்காது."

"டீச்சர், நிஜமாவே வலிக்குது."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆம்புலன்சைக் கூப்பிடவா, நான் பூத்தைப் பார்த்துக்கிறேன்."

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆம்புலன்சில் ஏறினால் மறுநாள் விசாரணை. 'பணிக்குத் தகுதியானவர்' என்று மருத்துவக் குழு எழுதிய ஆள், அதுவும் தப்பான காலைக் காட்டி மாட்டிய ஆள், வாக்குப்பதிவை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்றால் எவன் நம்புவான்? நானே நம்பமாட்டேன். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வலியைவிட அந்தப் பயம்தான் பெரிது. "வேண்டாம் டீச்சர், என்னை மட்டும் இங்கேயிருந்து நகர்த்துங்க" என்று கெஞ்சினேன்.

பள்ளி ஆண்டுவிழா ஜமக்காளம் ஒன்று மூலையில் கிடந்தது. அதை என் பக்கத்தில் விரித்தார்கள். தடித்த ஏஜென்ட் என் கால்மாட்டில் நின்று, வலிக்கும் காலைத் தொட்டுவிடக்கூடாதே என்று கேட்டார், "எந்தக் கால் சார்?"

"இடது" என்றேன். அந்தத் தேர்தலில் என் கால் விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

உருட்டினார்கள். அந்த ஒரு உருட்டலில் பைபிளில் எனக்குத் தெரிந்த எல்லாச் சங்கீதமும் மறந்துபோனது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தரையோடு இழுத்துக்கொண்டுபோய் என் மேசைக்குப் பின்னால் விட்டார்கள். மீன்கார அம்மா கூடவே வந்து இயந்திரத்துக்கும் எனக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு, போய் ஓட்டுப் போட்டார்.

மாலைவரை நான் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, தேர்தல் நடத்தினேன். படிவங்களைத் தரையில் வைத்துக் கையெழுத்திட்டேன். பெயர் இல்லை என்று சண்டை போட வந்தவர்கள் மேசையைச் சுற்றிவந்து என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஆபீசர் படுத்திருக்கிறார் என்ற சேதி குடியிருப்பு முழுவதும் பரவி, மத்தியானத்துக்கு மேல் வேடிக்கை பார்க்கவே ஆட்கள் அடையாள அட்டையோடு வந்தார்கள். ஒருவர் வெளியே போகும்போது, "பாவம்பா, அந்த மன்ஷன் வாத்தியாராம், இன்னா பேஜாரு பாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். மீன்கார அம்மா காலையில் போகும் முன்பே, திருக்கை மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் இடுப்பு வலி நிற்கும் என்று யோசனை சொன்னார். ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தபோது வலி கணுக்காலிலிருந்து தொடைக்கு ஏறியிருந்தது. குணமாகிறது என்று அர்த்தம்.

மெமோ வரவில்லை. வந்திருந்தால்கூட ஒரு தாளோடு போயிருக்கும். வீட்டில் கிரேஸ் என்னைப் படுக்கவைத்து நடந்ததைக் கேட்டாள். வலி மாத்திரையின் மயக்கத்தில் வலது கால் சமாசாரத்தையும் உளறிவிட்டேன். அவள் அதைக் கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொன்னாள். மகள் சர்ச் வாலிபர் சங்கத்தில் சொன்னாள். அதோடு என் கதை முடிந்தது.

இன்று நான் ட்ராஃபிக் என்றாலும், போனில் சார்ஜ் இல்லை என்றாலும், மகள் கேட்பது ஒரே கேள்விதான். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு மேசை தூக்க ஆள் கேட்டபோது, உடம்பு சரியில்லை என்றேன். எங்கள் சபைப் பாதிரி ஐயர் அங்கி மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "எந்தக் கால் சார்?" என்றார்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, "கிரேஸ், பல்லு உயிர் போகுது" என்றேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "எந்தக் காலு?" என்றாள். இடது பக்கம் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாள். மறுநாள் காலை கன்னம் வீங்கிவிட்டது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, வீக்கம் இடது பக்கம்தான் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.